வெளிநாட்டு டிராமா படம் பார்க்கிறீர்களா? இந்தத் தப்புகள் வேண்டாம்

வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ராத்திரி ஒரு படம் பார்க்க உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சினிமாவைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. ஈரான் படம், பெல்ஜியம் படம், குறைந்த செலவில் எடுத்த அமெரிக்கப் படம் என்று யாரோ சிபாரிசு செய்கிறார்கள். இருபது நிமிடம் பார்த்துவிட்டு "நமக்கு ஒத்துவராது" என்று நிறுத்திவிடுகிறோம். பாதி நேரம் இதற்குப் படம் காரணமில்லை. நம்மூர்ப் படத்தை எப்படிப் பார்க்கிறோமோ அப்படிப் பார்க்காமல், அதற்கென்று ஒரு பயபக்தியை வரவழைத்துக்கொண்டு உட்காருவதுதான் காரணம்.

அந்த பயபக்தியின் முதல் விளைவு, பட்டியலின் உச்சியிலிருந்து ஆரம்பிப்பது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை பத்து ஆண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்துச் சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. 2022இல் முதலிடம் பிடித்தது, ஷாந்தால் ஆகெர்மன் 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்'. ஓடும் நேரம் 201 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கணவனை இழந்த ஒரு பெண் மூன்று நாள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கட்டில் விரிப்பை மடிக்கிறாள். கேமரா அசையாமல் நின்று அத்தனையையும் காட்டுகிறது. உருளைக்கிழங்கு குழைந்துபோவதே அதில் முதல் பெரிய திருப்பம். நிறையப் பார்த்துப் பழகியவருக்கு அந்த உருளைக்கிழங்கு வயிற்றைக் கலக்கும். புதிதாக வருகிறவர் அதற்குள் தூங்கியிருப்பார். அவர் தூங்கியதில் தப்பே கிடையாது.

ஆரம்பிக்க நல்ல இடம் வேண்டுமென்றால் ஈரான் இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011). பெர்லின் விழாவில் தங்கக் கரடி, அடுத்த ஆண்டு ஆஸ்கர் என்று விருதுகள் வாங்கியதை மறந்துவிடுங்கள். அது அசல் துப்பறியும் கதை. வெளிநாட்டுக்குப் போகலாம் என்கிறாள் மனைவி. மறதி நோயில் கிடக்கும் அப்பாவை விட்டு வரமாட்டேன் என்கிறான் கணவன். மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட, கிழவரைப் பார்த்துக்கொள்ள ராஸியே என்ற ஏழைப் பெண் வருகிறாள். ஒரு நாள் தகராறு, கதவருகே ஒரு தள்ளல், அவளுக்குக் கர்ப்பம் கலைகிறது. அவள் கர்ப்பிணி என்று அவனுக்கு முன்பே தெரியுமா? படம் முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது. அதைவிட முக்கியமான ஒரு சங்கதியை ஃபர்ஹாதி நம் கண்ணெதிரிலேயே ஒளித்து வைத்திருக்கிறார். கிழவரைத் தேடி அவள் சாலையில் இறங்கும் காட்சி எங்கே வெட்டுப்படுகிறது என்று மட்டும் கவனித்து வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் படத்தில் எல்லோரும் மூச்சுவிடாமல் பேசுவார்கள், ஆங்கில சப்டைட்டிலும் அதே வேகத்தில் ஓடும். ஆங்கிலம் நிதானமாகப் படிக்கிறவர் எழுத்தைத் துரத்திக்கொண்டே முகங்களைத் தவறவிடுவார். அதனால் கதை நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், பேச்சு எவ்வளவு என்று கேளுங்கள். மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். சப்டைட்டிலே இல்லாவிட்டாலும் முக்கால்வாசி புரியும். விம் வெண்டர்ஸின் 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023) கதாநாயகன் வாயைத் திறப்பதே அபூர்வம். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைக் கழுவும் தொழிலாளி அவர். கோஜி யகுஷோ அந்த வேடத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். படம் எனக்குப் பிடிக்கும், ஆனால் முழுசாக நம்பவில்லை. ஷிபுயா பகுதியில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்துக் கட்டிய கழிப்பறைகளைப் பற்றிப் படம் எடுக்கக் கேட்டதிலிருந்து பிறந்த கதை அது. ஏற்கெனவே பளபளக்கிற இடத்தைத் துடைப்பது தியானம் மாதிரிதான் இருக்கும். நம்மூர் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையைக் கழுவுகிறவரிடம் அந்த நிம்மதியைப் பற்றிப் பேச முடியுமா?

அடுத்தது டிவி சம்பந்தப்பட்டது. இதை யாரும் சொல்வதில்லை. சில ஓடிடி தளங்களில் பிளே அழுத்தியதும் ஆங்கில டப்பிங்கே முதலில் வரும். நடிகர் அழும்போது இன்னொருவர் குரல் மைக் முன்னால் அழுகிறது, நாம் "நடிப்பு சுமார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆடியோவை அசல் மொழிக்கு மாற்றுங்கள். அப்புறம், போலந்துப் படமான 'இடா' (2013) கறுப்பு வெள்ளையில், பழைய டிவி போல ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டது. முகங்கள் சட்டகத்தின் அடியில் கிடக்கும், தலைக்கு மேலே வெற்றிடம். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று டிவியில் ஜூம் போட்டால் தாடை வெட்டுப்படும். வெட்டுப்படாவிட்டால் இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி பல டிவிகளில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்காவிட்டால் எந்தப் படமும் மெகா சீரியல் போலத்தான் தெரியும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பின்னணி இசைக்காகக் காத்திருப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். வயலின் ஏறினால் அழ வேண்டும், டிரம்ஸ் அதிர்ந்தால் சண்டை. பெல்ஜியம் இயக்குநர்களான டார்டென் சகோதரர்கள் அந்தக் கைகாட்டியையே பிடுங்கிவிடுகிறார்கள். 'டூ டேஸ், ஒன் நைட்' (2014) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோலார் பலகை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள் சாண்ட்ரா. மன அழுத்தத்தால் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்ப வரும் நேரத்தில், நிர்வாகம் சக ஊழியர்களிடம் கேட்கிறது: ஆளுக்கு 1000 யூரோ போனஸ் வேண்டுமா, அவள் வேலையில் இருக்க வேண்டுமா? பெரும்பாலோர் போனஸ் என்கிறார்கள். திங்கட்கிழமை மறு வாக்கெடுப்பு. இடையில் இருக்கும் சனி, ஞாயிறில் அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். கார் ரேடியோவில் வரும் பாட்டைத் தவிர இசையே கிடையாது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் இவர் என்ன சொல்வார் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மறுக்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது: பிள்ளைக்குப் படிப்புச் செலவு, வீட்டில் பாதியில் நிற்கும் வேலை. ஒருவர் அவளைக் கண்டதும் உடைந்து அழுகிறார், அந்த இடத்தில்கூட ஒரு வயலின் இல்லை. இசை வரவில்லையே என்று மொபைலை எடுத்துப் பார்க்கும் அந்தப் பத்து விநாடியில்தான் எதிராளியின் முகம் மாறியிருக்கும்.

ஈரான் படம் பார்க்கிறவர்கள் தொடர்ந்து செய்யும் ஒரு தப்பு, படத்தில் தெரிவதை அப்படியே அந்த நாட்டு வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வது. வீட்டுக்குள், புருஷனோடு தனியாக இருக்கும்போதும் மனைவி தலையில் துணி போட்டிருப்பாள். கணவன் மனைவி தொட்டுக்கொள்ள மாட்டார்கள். அது அங்கே உள்ள வீடுகளின் வழக்கம் இல்லை, தணிக்கையின் சட்டம். திரையில் தோன்றும் பெண்ணை ஊரே பார்க்கிறது, ஆகவே எந்த அறையானாலும் அவள் தலை மூடியிருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்தச் சட்டத்துக்குள் நின்று அன்பையும் விரிசலையும் எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்ப்பதே தனி ருசி. மீறியவர்களும் உண்டு. இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 2010இல் 20 ஆண்டு படம் எடுக்கத் தடை விதித்தார்கள். அவர் ரகசியமாக எடுத்துக்கொண்டே இருந்தார், 2025இல் கான் விழாவின் தங்கப் பனை விருதும் வாங்கினார்.

மற்றபடி எல்லாம் அந்நியமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 'எ செபரேஷன்' படத்தில் கிழவர் துணியை நனைத்துக்கொள்கிறார். அதை மாற்றிவிடுவது பாவமா என்று ராஸியே போன் போட்டு மார்க்க விஷயம் தெரிந்தவரிடம் கேட்கிறாள். அவளை வேலைக்கு வைத்த, வங்கியில் வேலை பார்க்கும் அந்தக் கணவனுக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி அது. இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே இருக்கும் தூரம் அந்த ஒரு போன் அழைப்பில் வந்துவிடுகிறது. நம் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முடிவு விஷயத்தில் நிறையப் பேருக்குக் கோபம். (இந்தப் பத்தியில் ரகசியம் உடைகிறது, படம் பார்க்காதவர்கள் தாண்டிப் போகலாம்.) 'எ செபரேஷன்' கடைசியில், இனி யாரோடு இருப்பது, அம்மாவா அப்பாவா என்று அந்தத் தம்பதியின் மகள் நீதிபதியிடம் சொல்லப் போகிறாள். பெற்றோரை வெளியே அனுப்புகிறார்கள். இருவரும் தாழ்வாரத்தில் காத்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான். 2024இல் 'கொட்டுக்காளி' பார்த்துவிட்டுத் தியேட்டரில் "மீதிப் படம் எங்கே" என்று கேட்டவர்களுக்கு இந்த எரிச்சல் பழக்கமானது. உடனே விளக்க வீடியோ தேடி ஓடுவதைவிட, படம் கேட்ட கேள்வி எது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். அந்தப் பெண் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்பது கேள்வியாக இருந்ததே இல்லை. ஒரு குழந்தையை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களே என்பதில் கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதேசமயம், எப்படி முடிப்பதென்று தெரியாமல் திறந்து விட்டுவிட்டு ஆழம் என்று பேர் வைத்துக்கொள்ளும் படங்களும் விழாக்களில் ஏராளம்.

விருதுப் படம் என்றால் மெதுவாக, சோகமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தைக் கைவிடலாம். அதே தங்கப் பனையை 1994இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' வாங்கியிருக்கிறது. வெளிநாட்டுப் படமெல்லாம் கலைப்படமும் இல்லை. 'பாரசைட்' (2019) தென்கொரியாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்த வெற்றிப்படம், பின்னால் பெரிய நிறுவனத்தின் பணம் இருந்தது. அதைச் சின்னப் பட்ஜெட் முயற்சி என்று பாராட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்த் தப்பு, பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவது. அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா' (2018) வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது, மூன்று ஆஸ்கர் வாங்கியது. ஒவ்வொரு காட்சியும் சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் வேலைக்காரப் பெண் கிளியோ என்ன நினைக்கிறாள் என்பதை அந்த அழகான கேமரா எட்டி நின்றே பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்கு அவள் கடைசிவரை அருகில் வரவில்லை. இப்படிச் சொன்னால் "உனக்குப் புரியவில்லை" என்பார்கள். புரிந்தும் பிடிக்காமல் போகலாம். நாற்பது நிமிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்துவதும் ஒரு ரசனைதான்.

கடைசியாக, குடும்பத்தோடு பார்ப்பவர்களுக்கு. ஆஸ்கர் வாங்கிய படம்தானே என்று ஹாலில் அப்பா அம்மாவை உட்கார வைத்துப் போடாதீர்கள், வயதுச் சான்றிதழைப் பாருங்கள். 'அனோரா' (2024) தங்கப் பனையும் ஐந்து ஆஸ்கரும் வாங்கிய படம். கிளப்பில் ஆடும் பெண்களை வைத்துத்தான் அதன் முதல் காட்சியே. ஜப்பான் இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) அந்த விதத்தில் பத்திரம், முகம் சுளிக்க ஒரு காட்சியும் கிடையாது. ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கவனிக்க நேரமில்லாமல் பிள்ளைகள் காசு போட்டு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கும் கதை. அதை அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு மாதிரி அவஸ்தை.