நாயின் பல்லை எலும்பு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்

செட்டிநாட்டு வீடுகளில் கறி எடுக்கும் நாளில் நாய்க்கும் விருந்துதான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் இலையில் ஒதுக்கிய எலும்பெல்லாம் ஒரு தட்டில் சேர்ந்து பின்கட்டுக்குப் போகும். "எலும்பைக் கடிச்சாத்தானே அதுக்குப் பல்லு சுத்தமாகும்" என்பார்கள் ஆச்சிமார். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எந்த ஊரில் கேட்டாலும் இதே பேச்சுதான். பாசத்தில் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் நாயின் வாயைக் கெடுக்கிற பழக்கங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

எலும்பு வெந்துவிட்டால் அதன் தன்மையே மாறிவிடும். கடிக்கும்போது நொறுங்காமல் கூர்கூராகப் பிளக்கும். அந்தச் சில் ஈற்றில் குத்தும், அண்ணத்தில் சிக்கும், உள்ளே போனால் குடலையும் கிழிக்கும். கோழி எலும்பு இதில் ரொம்ப மோசம். நல்லி எலும்பை வட்டமாக வெட்டிப் போட்டால், உள்ளே இருப்பதை நக்கும்போது அந்த வளையம் கீழ்த்தாடையில் ஏறி, கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதும் உண்டு. அதை வீட்டில் இழுத்துப் பார்க்காதீர்கள், டாக்டர் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளம். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை, வெந்த பிறகும் அந்த நஞ்சு போகாது. மசாலா ஒட்டிய எலும்பைப் போடும்போது அதையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

பச்சை எலும்பு, மான்கொம்பு, கல்போல் இறுகிய குளம்பு ஆகியவற்றால் வேறு ஆபத்து. மேல்தாடையில் கண்ணுக்கு நேர் கீழே ஒரு பெரிய பல் இருக்கும். கீழ்ப்பல்லோடு உரசி, கத்தரி மாதிரி இறைச்சியை நறுக்குவது அதுதான். கடினமான பொருளைக் கடிக்கும்போது பெரும்பாலும் உடைவதும் அதுதான். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டு ராஜபாளையம் நாய்க்கு இடது கண்ணுக்குக் கீழே வீங்கி, உடைந்து, சீழ் வந்தது. மஞ்சள் பத்துப் போட்டார்கள், ஆறியது. கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வீங்கியது. டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, உதட்டைத் தூக்கினார். பல்லின் வெளிப்பக்கம் ஒரு செதில் பெயர்ந்து போய், நடுவில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பல்லின் உள்ளே இருக்கும் சதை திறந்துகொண்டு, வேர் வரை சீழ் பிடித்திருக்கிறது. "பல்லுலயா? நான் கண்ணுலன்னுல்ல நெனச்சேன் தம்பி" என்று ஆச்சி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே வருகிற வீக்கம் என்றாலே பல்லைப் பாருங்கள்.

கடிக்கக் கொடுக்கும் பொருளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அது பல்லைவிடப் பிடிவாதமானது, வேண்டாம். டென்னிஸ் பந்தை நாள் முழுக்கக் கடிக்கிற நாய்க்கு அதன் மேலுள்ள சொரசொரப்பான துணியே பல்லின் நுனியைத் தேய்த்துவிடும். தூக்கிப் போட்டு எடுத்துவர மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையாகத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பு

எலும்பு பல்லின் முனையைத் தேய்க்கும், உண்மைதான். ஆனால் நோய் பல்லின் முனையில் வருவதில்லை. பல்லும் ஈறும் சேர்கிற விளிம்பில்தான் ஆரம்பிக்கிறது.

சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்மேல் வழவழப்பான படலமாகப் படியத் தொடங்கும். அதைத் துணியாலேயே துடைத்துவிடலாம். துடைக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் உப்புகள் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் இறுகிக் காரையாகிவிடும். நாயின் எச்சில் மனிதனுடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நமக்கு வருகிற மாதிரி சொத்தைப்பல் அதற்கு அதிகம் வராது, ஆனால் காரை சீக்கிரம் கட்டும். காரை ஈற்றுக்கு அடியில் இறங்கும்போது ஈறு சிவந்து வீங்கும். இந்தக் கட்டம் வரைக்கும் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பித்தால், கரைந்தது கரைந்ததுதான். வளர்ந்த நாய்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நோய்களில் இது முன்னணியில் இருக்கிறது. ரத்தத்தில் கலக்கும் கிருமிகளால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவையும் பாதிக்கப்படுவதோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

"நாய்னா வாய் நாறத்தான் செய்யும்" என்று தள்ளிவிடுவதுதான் இதில் பெரிய தவறு. ஆரோக்கியமான நாயின் வாயில் சாப்பாட்டு வாடை இருக்கலாம், அழுகல் நாற்றம் இருக்கக் கூடாது. நாய் வலியைக் காட்டிக்கொள்ளாது. பல் ஆடிக்கொண்டிருக்கும்போதும் தட்டைக் காலி செய்யும். அதனால் "நல்லாத்தானே சாப்பிடுது" என்பது வாய்க்கு நற்சான்று ஆகாது. ஒரு பக்கமாகவே மெல்லுவது, எடுத்த உணவைக் கீழே போட்டுப் போட்டு எடுப்பது, முன்காலால் முகத்தைத் தேய்ப்பது, எச்சில் கூடுவது, பொம்மையில் ரத்தக்கறை. இவற்றைக் கவனியுங்கள்.

இதைச் செட்டிநாட்டில் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, காவலுக்கு ஒருவரும் ஒரு நாயும் மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. சோறு நேரத்துக்குக் கிடைத்துவிடும். ஊசிகூடப் போட்டுவிடுவார்கள். அதன் வாயை யாரும் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வருகிறவர்கள் கிட்டே போனதும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் ஒருமுறை நாயின் உதட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஈற்றோரம் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தால் தொலைவில் இருந்தே முடிவெடுக்கலாம். ஆனால் அவரை நாய் தொட விட வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். கை வைக்கப் போவது பல்லுக்குப் பக்கத்தில்.

நம் பேஸ்ட் நமக்கு மட்டும்

நாய்க்கு வாய் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, தேய்ப்பதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நம் பேஸ்டில் ஃபுளோரைடும் நுரை வரவைக்கும் பொருளும் இருக்கும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பும் உண்டு. அது கொஞ்சம் போனாலே நாயின் உடலில் இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து சர்க்கரை அளவு விழுந்துவிடும், கல்லீரலும் பழுதாகலாம். மவுத்வாஷும் அப்படித்தான். உப்பு, சமையல் சோடா, அடுப்புக்கரி, கிராம்புத் தைலம் ஆகியவையும் வேண்டாம். கரி எனாமலைச் சுரண்டும், உப்பும் சோடாவும் உடம்பில் சோடியத்தை ஏற்றும், தைலம் வாயையும் வயிற்றையும் எரிக்கும். நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட் கிடைக்கிறது, கோழி வாசனையில்கூட. அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். தேய்ப்புதான் முக்கியம்.

எப்படித் தேய்ப்பது? பலர் தோற்பது இங்கேதான். முதல் நாளே நாயைப் பிடித்து வாயைப் பிளந்து பிரஷை உள்ளே விடுவார்கள். அதற்குப் பிறகு பிரஷைக் கண்டாலே அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வாய் மூடியிருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் விரலால் தூக்குங்கள். சில நாள் அவ்வளவுதான், தொட்டுவிட்டு ஒரு வாய் நல்லது கொடுத்து விட்டுவிடுங்கள். பிறகு சுட்டுவிரலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, நனைத்து, பல்மேல் ஓட்டுங்கள். அதற்கு ஒத்துக்கொண்ட பிறகு குழந்தைகள் பயன்படுத்தும் மிருதுவான பிரஷ். ஈற்றோரமாகச் சாய்த்துப் பிடித்துச் சின்ன வட்டமாக, ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். கன்னத்தைத் தொடுகிற வெளிப்பக்கம்தான் முக்கியம், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல்வரிசையின் கடைசிப் பற்களிலிருந்து தொடங்குங்கள். எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அதற்குப் பக்கத்தில் என்பதால் காரை அங்கேதான் அதிகம் கட்டும். தினமும் செய்ய வேண்டும். காரை இரண்டு மூன்று நாளில் இறுகும் என்றால் வாரம் ஒருமுறை தேய்ப்பது எதற்கும் உதவாது.

குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் எளிது. குட்டிக்கு 28 பால்பற்கள், வளர்ந்தபின் 42. ஏழு மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்திருக்க வேண்டும். புதுக் கோரைப்பல்லை ஒட்டிப் பழைய ஊசிப்பல்லும் நின்றால் இடுக்கில் அழுக்கு சேரும், டாக்டரிடம் சொல்லிப் பிடுங்கிவிடுங்கள். பொமரேனியன், பக், டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறு இனங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சின்னத் தாடையில் பற்கள் நெருக்கி முளைப்பதால் ஈற்று நோயும் அவற்றுக்குச் சீக்கிரம் வரும். முற்றிப்போனால் கீழ்த்தாடை எலும்பே முறியும் அளவுக்கு மெலிந்துவிடும்.

உலர் தீவனம் கொடுத்தால் பல் தானாகச் சுத்தமாகிவிடும் என்பதும் நம்பிக்கைதான். பல்லுக்கென்றே தயாரித்த தீவனம் வேறு, சாதாரண உருண்டை வேறு.

கட்டிய காரையை நீங்களே பெயர்க்காதீர்கள்

ஆன்லைனில் கொக்கிபோன்ற கருவியை வாங்கி வீட்டிலேயே சுரண்டுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பல்லில் கீறல் விழும், மெருகேற்றாத கீறலில் காரை முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். ஈறு கிழியும். எல்லாவற்றுக்கும் மேல், ஈற்றுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். மயக்கம் கொடுக்காமல் பல் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இடங்களிலும் இதே கதைதான். விழித்திருக்கும் எந்த நாயும் ஈற்றுக்கு அடியில் கருவியை விட அனுமதிக்காது.

முறையான ஸ்கேலிங், அதாவது டாக்டர் கருவியால் காரையை நீக்குவது, முழு மயக்கத்தில்தான் நடக்கும். கருவியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அது நுரையீரலுக்குள் போகாமல் இருக்க மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவார்கள். "வயசான நாய், மயக்கம் கொடுத்தா எந்திரிக்காது" என்று பயந்தே பல வீடுகளில் அதை நாற்றத்தோடும் வலியோடும் கிடக்க விடுகிறார்கள். வயது மட்டும் தடையில்லை. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். பல் எக்ஸ்ரேயும் மயக்க மருந்து வசதியும் தேவைப்பட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். கிளம்புமுன் போன் செய்து நேரம் வாங்குங்கள், மயக்கத்துக்குப் பட்டினி எத்தனை மணி நேரம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் சில நாள் நாற்றம் அடங்கும், காரை அங்கேயே இருப்பதால் திரும்பிவிடும். வலிக்கு நம் மாத்திரையைக் கொடுப்பது இன்னும் ஆபத்து. இபுபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும்.

பல்லைப் பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் கலங்க வேண்டாம். கெட்ட பல் போனபின் நாய் நன்றாகவே சாப்பிடும், பல பற்கள் போன நாய்கூட. தையல் ஆறும்வரை சோற்றையும் வேகவைத்த கோழிச் சதையையும் உப்பு, மசாலா இல்லாமல் குழையப் பிசைந்து கொடுங்கள். கடிக்கிற பொம்மைகளை எடுத்து வைத்துவிடுங்கள். பிரஷை எப்போது தொடலாம் என்று டாக்டரைக் கேட்டு, அவர் சொன்ன நாளில் மறுபடி நனைத்த துணியிலிருந்து தொடங்குங்கள்.