வெள்ளி கலந்த குடிநீர்: விண்வெளி முறையை வீட்டில் பின்பற்றும்போது நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரில் தண்ணீர்த் தடை என்று அறிவிப்பு வந்தாலே போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். விண்வெளி வீரர்களே வெள்ளி கலந்த தண்ணீரைத்தான் குடிக்கிறார்களாம். வெள்ளிக் குடத்தில் பிடித்து வைத்தால் நாமும் கொதிக்க வைக்கத் தேவையில்லையாம்.

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. மீர் என்ற பழைய விண்வெளி நிலையத்தில் ரஷ்யர்கள் வெள்ளி அயனியைத்தான், அதாவது தண்ணீரில் கரைந்து மின்னூட்டத்தோடு இருக்கும் வெள்ளியைத்தான், பயன்படுத்தினார்கள். நம் மலேசிய விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபரில் போய்த் தங்கிய சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ரஷ்யப் பகுதியில் அதே முறைதான். அமெரிக்கப் பகுதியில் அயோடின். தைராய்டைப் பாதிக்கும் என்பதால் குடிப்பதற்கு முன் அதை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். இரண்டாவது பாதிதான் ஆபத்து.

அழுக்குத் தண்ணீரை வெள்ளி சுத்தம் செய்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கும் அதுவே வேர். விண்வெளி நிலையத்தில் வியர்வையும் மூச்சுக் காற்றின் ஈரமும் பல கட்டமாகச் சுத்திகரிக்கப்பட்ட பிறகே வெள்ளி வருகிறது. சுத்தமான தண்ணீர் தொட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும்போது கிருமி மறுபடி வளராமல் காப்பதே அதன் வேலை. அதுவும் மெதுவாக, மணிக்கணக்கில் நடக்கிற வேலை. குளோரின் நிமிடங்களில் முடிப்பதை வெள்ளியிடம் எதிர்பார்க்க முடியாது. வைரஸ்களிடமும், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளிடமும் அதன் பலம் குறைவு.

அடுத்தது, குடத்தையும் அயனியையும் ஒன்றாக நினைப்பது. விண்கலத்தில் லிட்டருக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் என்று அளந்து சேர்ப்பார்கள். பூஜை அறைக் குடத்திலிருந்து எவ்வளவு கரைகிறது என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு, நம் பைப் தண்ணீரில் குளோரைடு (உப்பில் இருப்பது, குளோரின் அல்ல) உண்டு. அது வெள்ளி அயனியைப் பிடித்து, எளிதில் கரையாத வெள்ளிக் குளோரைடாக்கிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே, வெள்ளி அயனி 70 மைக்ரோகிராமுக்கு மேல் நிற்பது கடினம். விண்வெளி நிலையத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் அங்கே இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

பாத்திரமும் முக்கியம். தண்ணீரில் கரைந்த வெள்ளி, துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம் போன்ற உலோகச் சுவர்களில் போய்ப் படிந்துவிடுகிறது. இன்று சேர்த்த அளவு சில வாரங்களில் பாதிகூட இருக்காமல் போகலாம். நீண்ட பயணங்களுக்கு வெள்ளியைக் கொண்டுவர முயலும் நாசா பொறியாளர்களுக்கு இன்னும் தலைவலி கொடுக்கும் பிரச்சினை இது. வீட்டு எவர்சில்வர் ஃபிளாஸ்க்குக்கு மட்டும் விதிவிலக்கா என்ன?

சரி, கூடுதலாகச் சேர்த்தால்? தயவுசெய்து வேண்டாம். ஆன்லைனில் விற்கும் கூழ்ம வெள்ளிக் கரைசலை (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்மம்)த் தொடர்ந்து குடித்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறலாம். ஆர்ஜீரியா என்ற அந்த நிறம் பெரும்பாலும் திரும்பப் போவதே இல்லை. நாசாவின் 400 மைக்ரோகிராம் வரம்புகூட 1000 நாள் பயணத்தை மனதில் வைத்துப் போட்டது. பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் கொடுக்கும் தண்ணீருக்கு அதை அளவுகோலாக எடுக்கக் கூடாது.

வெள்ளி பூசிய கார்பன் ஃபில்டர் வாங்கியவர்களுக்கு ஒன்று: அந்த வெள்ளி கார்பனுக்குள் பாக்டீரியா பெருகாமல் தடுக்கத்தான். கார்பன் குளோரினை உறிஞ்சிவிடுவதால், ஃபில்டரில் வரும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. அதை நாள்கணக்கில் பிடித்து வைக்காதீர்கள். தடைக்காகச் சேமிப்பதை நேரடியாகப் பைப்பிலிருந்து, கழுவிய மூடி போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். குடிக்கும் முன் நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். வெள்ள நீர் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், தெளிய வைத்து வடிகட்டிய பிறகே கொதிக்க வையுங்கள். பெட்ரோல், ரசாயன வாடை அடித்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.