என்டிஐஎஸ் பணத்தை யார் கையில் விடுவது?

ஆஸ்திரேலியாவில் என்டிஐஎஸ் (மாற்றுத்திறனாளிகளின் உதவிகளுக்கு அரசு பணம் தரும் திட்டம்) பிளான் கைக்கு வந்ததும் எல்லோரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். அதை யார் நிர்வகிப்பது என்பதையும் பாருங்கள். திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பான என்டிஐஏவிடமே விட்டால் பில் தொல்லை இல்லை. ஆனால் பதிவுபெற்ற சேவையாளர்களிடம் மட்டுமே போகலாம். என் மகன் ஒட்டிக்கொண்ட ஸ்பீச் தெரபிஸ்ட் பதிவு செய்யாதவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாங்கள் எடுத்தது பிளான் மேனேஜர். இன்வாய்ஸ் நேராக அவருக்குப் போகும், அவரே பணம் கட்டுவார். அவருடைய கட்டணம் பிளானில் தனியாக வரும். தெரபிப் பணத்தில் கை வைக்காது. சேவையின் விலை மட்டும் என்டிஐஎஸ் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது.

தாண்டியும் கொடுக்க வேண்டுமென்றால் நீங்களேதான் நிர்வகிக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுகளை 5 வருடம் பத்திரப்படுத்த வேண்டும். வாங்கிய அன்றே போனில் படமெடுத்துவிடுங்கள்; கார் டேஷ்போர்டில் கிடக்கும் ரசீது சீக்கிரமே வெளுத்துவிடும்.

எல்லாமே ஒரே வழியில் போக வேண்டும் என்றில்லை. ஒரு பகுதியை நீங்களும் மீதியை பிளான் மேனேஜரும் பார்த்துக்கொள்ளலாம். பிளானிங் மீட்டிங்கிலேயே கேளுங்கள். பிளான் நடுவிலும் மாற்றித் தரச் சொல்லலாம்.