“ஒன்றும் ஆகவில்லையே” என்று விட்டுவிடாதீர்கள்: ஆஸ்திரேலிய சைல்ட்கேர் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியில் விளையாடிவிட்டு எல்லோரும் உள்ளே வருகிறார்கள். கதவைப் பூட்டி, கை கழுவ வரிசையில் நிறுத்தி எண்ணிப் பார்த்தால் 13 பேர். வெளியே போனவர்கள் 14 பேர். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், மணல் குழி ஓரத்தில் ஒரு குட்டிப்பெண் அமைதியாக மண் அள்ளிக்கொண்டிருக்கிறாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் அழவில்லை, அடியும் படவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். “நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.”

நான் முதலில் வேலை பார்த்த சென்டரில் நடந்தது இது. அன்று யாரும் எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அந்த அம்மா மாலையில் வந்து, “இன்றைக்கு எப்படி இருந்தாள்?” என்று கேட்டபோது, “நன்றாக விளையாடினாள்” என்று சொல்லி அனுப்பினோம். இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துவது அந்தப் பதில்தான்.

சைல்ட்கேர் சென்டர்களுக்கென்று 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தேசியச் சட்டப்படி, ஒரு குழந்தை தவறுதலாக உள்ளேயோ வெளியேயோ பூட்டப்பட்டாலே அது ‘சீரியஸ் இன்சிடென்ட்’, அதாவது கடுமையான சம்பவம். குழந்தை கணக்கில் வராமல் போவதும், அனுமதி இல்லாத ஒருவர் அழைத்துப் போவதும், ஆம்புலன்ஸ் வர வேண்டிய நிலை உண்டாவதும் அப்படியே. காயம் பட்டதா என்று பார்த்து இது முடிவாவதில்லை. சென்டரை நடத்தும் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் மாநில ஒழுங்குமுறை அமைப்புக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். பெற்றோருக்கு முடிந்தவரை உடனே, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நாம் ரூமில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சாதாரண ஊழியர், அதாவது எஜுகேட்டர் என்றால், நம் பங்கு அந்த நிமிடமே சென்டரின் பொறுப்பாளரான டைரக்டரிடம் சொல்வதும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதும்.

சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் தெரியும். விசா, வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்த நேரத்தில் கண்முன் வந்து நிற்கும். ஆனால் நான் பார்த்த வரையில், தானாக முன்வந்து சொன்ன தவறும், பின்னால் ஒரு பெற்றோர் புகார் கொடுத்து வெளிவந்த தவறும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. முதலாவதில் “எப்படி நடந்தது, என்ன மாற்றினீர்கள்?” என்று கேட்பார்கள். இரண்டாவதில் “ஏன் மறைத்தீர்கள்?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இருப்பதில்லை.

அடுத்தது ரேஷியோ. 2 வயதுக்குக் கீழே 4 குழந்தைகளுக்கு ஒரு எஜுகேட்டர், 2 முதல் 3 வயதுவரை 5 பேருக்கு ஒருவர் (விக்டோரியாவில் 4), 3 வயதுக்கு மேல் பள்ளிக்கு முந்தைய வயதுவரை 11 பேருக்கு ஒருவர் (நியூ சவுத் வேல்ஸில் 10). இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தவறு வருவது எண்ணும் முறையில். குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்துகொண்டிருப்பவரைத்தான் கணக்கில் சேர்க்கலாம். ஆபீஸில் போன் பேசிக்கொண்டிருக்கும் டைரக்டரையும், சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் அது பொய்க்கணக்கு.

ரேஷியோ சரியாக இருந்துவிட்டால் கண்காணிப்பும் சரி என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. போதிய கண்காணிப்பு என்பது சட்டத்தின் 165-ஆம் பிரிவில் தனியாக நிற்கும் கடமை. மூன்று எஜுகேட்டர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, ஏறி விளையாடும் கம்பிச் சட்டகத்தின் பின்புறம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தால், எண்ணிக்கை சரி, கண்காணிப்பு இல்லை. முக்கியமாக இடம் மாறும் நேரங்களைக் கவனியுங்கள்: உள்ளேயிருந்து வெளியே, ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு, பஸ்ஸிலிருந்து வாசலுக்கு, ஷிப்ட் மாறும்போது. குழந்தைகள் விடுபடுவது பெரும்பாலும் அப்போதுதான். தலையை மட்டும் எண்ணாமல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராகப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து ஆள் மாறியிருக்கவும் கூடும்.

காகித வேலைக்கு வருவோம். தூங்கும் நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பல சென்டர்களின் பாலிசியில் இருக்கும். மதியம் வேலை நெருக்கும்போது, படிவத்தில் அடுத்த ஒரு மணி நேரத்துக்கான கையெழுத்தை இப்போதே போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஒழுங்குமுறை அமைப்பின் அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமலும் வருவார்கள். 12.40-க்கு வந்தவர் 1.30 வரை நிரப்பியிருக்கும் தாளைப் பார்த்தால், அந்தக் கோப்பில் இருக்கும் மற்ற எந்தத் தாளையும் நம்ப மாட்டார். அதைவிட, மூச்சு சீராக இருக்கிறதா, முகத்தின் நிறம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்காக வைத்த வேலை அது. கையெழுத்து முன்பே விழுந்துவிட்டால் கால் அங்கே போகாது.

இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் “விழுந்தான், ஐஸ் வைத்தோம்” என்று ஒரே வரியில் முடிப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பதிவைக் குழந்தைக்கு 25 வயது ஆகும்வரை பாதுகாக்க வேண்டும். இன்று 2 வயதுக் குழந்தையைப் பற்றி நீங்கள் எழுதுவதை 20 வருடம் கழித்து உங்களைத் தெரியாத ஒருவர் படிக்கக்கூடும். எத்தனை மணி, எந்த இடம், யார் பார்த்தார், என்ன செய்தோம், பெற்றோரிடம் யார் எப்போது சொன்னார் என்று எழுதுங்கள். பார்க்காததை ஊகித்து எழுத வேண்டாம்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாக: எழுத்து அனுமதி, அசல் டப்பா, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தென்றால் அதில் குழந்தையின் பெயர் உள்ள லேபிள், காலாவதித் தேதி. கொடுப்பவர் ஒருவர், அளவையும் குழந்தையையும் சரிபார்ப்பவர் இன்னொருவர். “அம்மா வாசலில் வாயால் சொல்லிவிட்டுப் போனார்” என்பது அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் செல்லாது. ஆஸ்துமா, அனாஃபிலாக்ஸிஸ் (கடும் ஒவ்வாமை) அவசரம் என்றால் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது.

இனி, நம் ஆட்களிடம் நான் மனம்விட்டுச் சொல்ல விரும்புவது. நாம் பாசமாக வளர்க்கிறவர்கள். அந்தப் பாசத்தோடு சில பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று வாயில் திணிப்பது, “சாப்பிட்டால்தான் வெளியே விடுவேன்” என்பது, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பது, “இவன் எப்போதும் இப்படித்தான், முரடு” என்று குழந்தையின் காதுபடவே சொல்வது. அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. நியாயமற்ற எந்த ஒழுங்கு நடவடிக்கையும் அதில் அடங்கும். வற்புறுத்தி ஊட்டுவதும் தனியே ஒதுக்கி உட்கார வைப்பதும் அதில் மாட்டக்கூடியவை. “எங்கள் ஊரில் இப்படித்தான்” என்ற விளக்கம் எடுபடாது. எடுபடவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு எழுந்து போகவும் முடியாது, வீட்டில் போய் விவரமாகச் சொல்லவும் தெரியாது.

சொந்த போனில் படம் எடுப்பதும் இதே வகைதான். எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் சரி, சென்டரின் கருவியில் மட்டும், அனுமதி உள்ள குழந்தையை மட்டும் எடுங்கள். யாராவது ஒரு குழந்தையைத் துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால் நிரூபணம் தேடிக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள். உடல் ரீதியான, பாலியல் ரீதியான துன்புறுத்தல் புகார்களை ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்க முன்பு 7 நாள் அவகாசம் இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அது 24 மணி நேரம்.

கடைசியாக, தவறு கண்டுபிடிக்கப்பட்டு கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? தவறைச் சரிசெய்யச் சொல்லும் கம்ப்ளையன்ஸ் டைரக்ஷன், கம்ப்ளையன்ஸ் நோட்டீஸ், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ், அங்கீகாரத்தை நிறுத்திவைத்தல், ரத்து என்று ஒழுங்குமுறை அமைப்பிடம் பல நிலைகள் உண்டு. இந்த வேலையே செய்யக் கூடாது என்று தனிநபருக்கு எதிராகவே தடை நோட்டீஸும் வரலாம். அது வந்தால், சென்டர் மாறினாலும் அந்தத் தடை உங்களோடு வரும். பல டைரக்டர்கள் செய்யும் தவறு, பதிலாக ஒரு புது பாலிசியை எழுதி அனுப்பிவிடுவது. அதிகாரி பார்க்க விரும்புவது ரூமில் என்ன மாறியது என்பதை. வெளிக்கதவுப் பக்கம் இப்போது யார் நிற்கிறார் என்று காட்டும் ரோஸ்டர் (வேலை அட்டவணை), பயிற்சி நடந்த தேதியும் வந்தவர்களின் கையெழுத்தும், மாற்றத்துக்குப் பிறகு ஒரு வாரம் நிரப்பிய பெயர்ப் பட்டியல்கள். இவற்றை அனுப்புங்கள். கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால், கெடு தாண்டும் முன்பே காரணத்தோடு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். விசாரணையில் உங்களை நேரில் கூப்பிட்டால், மற்றவர்களோடு உட்கார்ந்து கதையை ஒத்துப் பேசிக்கொள்ள வேண்டாம். அன்று எழுதிய உங்கள் சொந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.