போட்டோவுக்குள் ஒளிந்திருக்கும் தகவல்: பார்ப்பது எப்படி, நீக்குவது எப்படி?

பழைய சைக்கிளை விற்பதற்காக அதை வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறோம். கதவு எண் தெரியாமல் கவனமாகத்தான் எடுக்கிறோம். ஆனால் கேமராவில் இடத்தைப் பதியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், நம் வாசலின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தக் கோப்புக்குள் ஏறிவிடும். தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கங்கள் இருந்தாலே சுமார் 11 மீட்டர் அளவுக்கு இடம் துல்லியமாகிவிடுகிறது. தெருவே தெரிந்துவிடும்.

இந்தத் தகவலை எக்ஸிஃப் என்பார்கள். 1995-இல் ஜப்பானில் வகுத்த முறை இது. நாள், நேரம், போன் மாடல், சில கேமராக்களில் சீரியல் நம்பர்கூட இதில் இருக்கும். 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுப் போலீஸ் விசாரிக்கத் தேடிய, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் பத்திரிகை வெளியிட்டது. அவர் பக்கத்து நாடான குவாத்தமாலாவில் இருப்பதை அந்தப் படத்தில் இருந்த இடத்தகவலே காட்டிக்கொடுத்தது.

சரி, உங்கள் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேண்டுகோள். 'எக்ஸிஃப் பார்க்க' என்று தேடினால் படத்தை அப்லோடு செய்யச் சொல்லும் தளங்கள் நிறைய வரும். சொந்தப் படங்களை அங்கே ஏற்றாதீர்கள். யாருக்கும் தெரியக்கூடாத தகவலை முன்பின் தெரியாதவர் கையில் நாமே கொடுப்பதாகிவிடும். போனிலும் கணினியிலும் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது.

1. போனில்: கூகுள் போட்டோஸிலோ ஐபோனின் போட்டோஸ் செயலியிலோ படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளுங்கள். நாள், மாடல் எல்லாம் வரும். சிறிய வரைபடமும் வந்தால், அந்தப் படத்தோடு இடம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

2. விண்டோஸில்: படத்தின் மேல் ரைட் கிளிக், பிறகு 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீடெய்ல்ஸ்'. கீழே 'ஜிபிஎஸ்' என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. நீக்க: அதே பக்கத்தின் அடியில் 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்' இருக்கும். அதை அழுத்தி, தகவல் நீக்கிய நகலை உருவாக்கும் முதல் தெரிவையே எடுங்கள். மூலப்படத்தில் கை வைக்க வேண்டாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் எந்தத் தேதி, எந்த ஊர் என்று பத்து வருடம் கழித்து நமக்கே அது தேவைப்படும். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'லொகேஷன்' என்பதை அணைத்தால் போதும்.

4. நகலைத் திறந்து மறுபடியும் பாருங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். படத்தை வெட்டிச் சுருக்கினால் தகவலும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நிச்சயமில்லை.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் இடத்தகவல் நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், உள்ளே இருப்பதும் சேர்ந்தே போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் இதே கதைதான்.

இனி எடுக்கும் படங்களில் இடமே பதிய வேண்டாம் என்றால், ஆண்ட்ராய்டில் கேமராவின் செட்டிங்ஸில் 'லொகேஷன்' என்ற சொல் வரும் பொத்தானை அணையுங்கள். ஐபோனின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'லொகேஷன் சர்வீசஸ்', 'கேமரா' என்று போய் 'நெவர்' கொடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் இது எதையும் மாற்றாது. அவற்றை அனுப்பும் முன் மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.