டி1 மினி மேல் ஷீல்டுகளை அடுக்குவது எப்படி? ரிலேயும் ஓஎல்இடியும் மோதாமல் இருக்க

டி1 மினி என்பது இஎஸ்பி8266 சிப் கொண்ட சிறிய வைஃபை போர்டு. அதில் பக்கத்துக்கு 8 வீதம் 16 பின்கள். அதற்கென்றே செய்த எந்த ஷீல்டும் (மேலே செருகும் துணை போர்டு) அதன்மேல் கச்சிதமாக உட்காரும். ஆனால் எல்லா ஷீல்டுகளும் அதே 16 பின்களைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன; சிக்கல் அங்கேதான்.

உதாரணத்துக்கு, அறை சூடானால் 12 வோல்ட் விசிறி ஓட வேண்டும். டி1 மினியோடு எஸ்எச்டி30 ஷீல்டு (வெப்பநிலை சென்சார்), 0.66 அங்குல ஓஎல்இடி ஷீல்டு (சிறு திரை), ரிலே ஷீல்டு (விசிறியை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஆகிய மூன்றும் தேவை. ஆர்டுயினோவில் பிளிங்க் ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. முதலில் தாளில் பின் அட்டவணை

எஸ்எச்டி30: டி1, டி2, ஐ2சி முகவரி ஹெக்ஸ் 45
ஓஎல்இடி: டி1, டி2, முகவரி ஹெக்ஸ் 3சி
ரிலே: டி1

முதல் இரண்டுக்கும் பின்கள் ஒன்றே, முகவரி வேறு. ஐ2சி என்பது பல கருவிகள் இரண்டே கம்பிகளைப் பகிர்ந்து, முகவரி வைத்துப் பேசும் முறை; அதில் இது பிரச்சினையே இல்லை. மூன்றாவதுதான் வில்லங்கம்.

2. ரிலேயை டி5க்கு மாற்றுங்கள்

டி1தான் ஐ2சியின் கடிகாரக் கம்பி. பஸ் (அந்த இரண்டு கம்பிகள்) சும்மா இருக்கும்போது அது உயர்நிலையில் நிற்கும். அதனால் யாரும் சொல்லாமலே ரிலே ஆன் ஆகிக் கிடக்கும், திரை மாறும்போதெல்லாம் கிர்ரென்று அதிரும். இல்லாவிட்டால் ரிலே சுற்று அந்தக் கம்பியைக் கீழே இழுத்து, திரை, சென்சார் இரண்டையுமே ஊமையாக்கிவிடும். புரோகிராமில் மட்டும் டி5 என்று மாற்றிப் பயனில்லை. ரிலே ஷீல்டின் தாமிரத் தடம் இன்னும் டி1க்குத்தான் போகிறது.

புதிய ரிலே ஷீல்டின் அடிப்பக்கத்தில் பின் தேர்வுக்கான சிறு பேட்கள் இருக்கும். டி1 இணைப்பை நீக்குங்கள், டி5 பேடைச் சால்டர் வைத்து இணையுங்கள். முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால் டி1, டி5 இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் வைத்து இரண்டுக்கும் நடுவே பீப் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

பழைய ஷீல்டில் பேட்கள் இல்லை. அதில் டி1 பின்னை மட்டும் வெட்டி, மிஞ்சிய துண்டிலிருந்து டி5க்கு மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்தால் போதும்.

டி3, டி4 வேண்டாம். போர்டு துவங்கும்போது இரண்டும் உயர்நிலையில் இருந்தாக வேண்டும்; ரிலே சுற்று கீழே இழுத்தால் புரோகிராமே ஓடாது.

3. ஹெடர் சால்டரிங்

ஹெடரை (பின் வரிசை) பிரெட்போர்டில் குத்தி, மேலே போர்டை வையுங்கள். எதிரெதிர் மூலையில் இரண்டு பின்களை மட்டும் முதலில் பற்றவைத்து, மட்டம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். நீள்கால் ஹெடரில் சால்டர் காலோடு வழிந்தால் பின் தடித்து, அடுத்த சாக்கெட்டை விரித்துவிடும். 0.8 மிமீ அல்லது அதைவிட மெல்லிய கம்பியைப் பயன்படுத்துங்கள். அயர்ன் முனை பேடைத் தொடட்டும், காலின் மேற்பகுதியைத் தொட வேண்டாம்.

என் சிபாரிசு, எல்லாவற்றையும் ஒரே அடுக்காக வைக்காமல், மூன்று இடங்களில் பக்கம் பக்கமாக வைக்கும் டிரிப்ளர் பேஸ். ரிலே உயரமானது, ஓஎல்இடியோ கண்ணுக்குத் தெரிய வேண்டியது.

4. ஒவ்வொன்றாகச் செருகுங்கள்

திருப்பிச் செருகினாலும் உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து. போர்டின் 5வி, ஷீல்டின் ஆர்எஸ்டியில் (ரீசெட் பின்) போய் உட்காரும். ஒவ்வொரு முறையும் யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, எழுத்துகளை ஒப்பிட்டுச் செருகுங்கள். பிறகு ஐ2சி ஸ்கேனர் ஸ்கெட்ச்சை ஓட்டுங்கள். 3சி, 45 இரண்டும் சீரியல் மானிட்டரில் தெரிந்த பிறகே ரிலேயைச் சேருங்கள்.

திரைக்கு யு8ஜி2 லைப்ரரிதான் என் தேர்வு. 64x48 அளவுக்கான கன்ஸ்ட்ரக்டரை (திரை வகையைக் குறிக்கும் வரி) எடுங்கள். 128x64 எடுத்தால் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படும்.

5. ரிலே ஆன் ஆனதும் போர்டு ரீசெட் ஆகிறதா?

5 வோல்ட் ரிலே காயில் ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் இழுக்கும். வைஃபையும் அதே நொடியில் இழுத்தால், மெல்லிய யுஎஸ்பி கேபிளில் வோல்டேஜ் சரியும். புரோகிராமைச் சந்தேகிக்கும் முன் குட்டையான, தடித்த கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வீட்டு மின்சாரத்தை இந்த ரிலேயில் இணைக்க வேண்டாம். அடியில் சால்டர் முனைகள் திறந்தே இருக்கின்றன, விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து.

பிற்சேர்க்கை: வெப்பநிலை சில டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்றால் சென்சார் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். நேர் கீழே இஎஸ்பி8266 சூடாகிக்கொண்டிருக்கிறது. பேஸின் கடைசி இடத்துக்கு எஸ்எச்டி30ஐ மாற்றுங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் 3வி3, கிரவுண்டு, டி1, டி2 நான்கையும் 10 செமீ ஒயரில் வெளியே எடுத்துச் சென்சாரைத் தனியாகத் தொங்கவிடுங்கள்.