தட்டில் தேங்கி நின்ற தக்காளி சாஸ்

நான் செய்யும் பாஸ்தாவில், குட்டிக் குழாய் மாதிரி இருக்கும் பென்னே ஒரு பக்கம் நிற்கும், சாஸ் ஒரு பக்கம் ஓடும். சாப்பிட்டு முடித்தால் தட்டில் ரசம் மாதிரி தேங்கியிருக்கும். புளிப்பு வேறு.

செய்ய நினைத்தது அராபியாட்டா என்ற காரமான தக்காளி சாஸ். ரோம் பக்கத்துச் சமையல். இத்தாலிய மொழியில் 'கோபம் கொண்டது' என்று பொருள். ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய், தக்காளி, அவ்வளவுதான். வெங்காயம்கூடக் கிடையாது.

தப்பு என்னுடையதுதான். ஒட்டாமல் இருக்கட்டும் என்று கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் விட்டு, வெந்ததும் குழாயடியில் அலசிவிடுவேன். மேலிருக்கும் மாவுப்பசை போய்விட்டால் சாஸ் எதைப் பிடித்துக்கொள்ளும்?

இப்போது 200 கிராம் பென்னேவுக்கு 2 லிட்டர் தண்ணீர், கல்லுப்பு மட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே அரித்தெடுத்து, நேராக சாஸ் வாணலியில் போடுகிறேன். வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, தீயைக் கூட்டிக் கிளறினால், மாவுச்சத்தும் எண்ணெயும் கலந்து சாஸ் பளபளவென்று பென்னேவோடு ஒட்டிக்கொள்கிறது. குழாய்க்குள்ளும் புகுந்துவிடும்.

புளிப்புக்கு, நாட்டுத் தக்காளியை விட்டு சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளிக்கு மாறினேன். தோலுரித்து, எண்ணெய் பிரியும்வரை 20 நிமிடம் சுண்டவிடுகிறேன். அதற்கு முன் பூண்டும் கிள்ளிய மிளகாயும் சிறு தீயில்தான். பூண்டு கருகினால் எல்லாமே கசக்கும்.

கறிவேப்பிலை போடக் கை பரபரக்கும். ஒருநாள் போட்டும் பார்த்தேன். தக்காளித் தொக்கு வாசனை வந்தது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது.